மதிப்பெண் இல்லாத விருந்து

என் அக்கா மகள் டாக்டர். இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் ரெஸிடென்ஸி என்ற மேற்பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத்துக்குக் கூப்பிட்ட இடங்களில் ஒன்று, அதற்கு முந்தின நாள் மாலை ஒரு சந்திப்புக்கும் கூப்பிட்டிருந்தது. பயிற்சியில் இருக்கும் இளம் டாக்டர்கள் மட்டும் வருவார்கள், மேலே உள்ளவர்கள் வரமாட்டார்கள், கலந்துகொள்வது உங்கள் விருப்பம், தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தது. "போகணுமா மாமா?" என்று கேட்டாள். "விருப்பம்னு போட்டிருந்தா போயே ஆகணும்னு அர்த்தம்" என்றேன். பன்னிரண்டு வருஷம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்லக்கூடிய பதில்தான். சொன்னபோது கெட்டிக்காரத்தனமாகவும் பட்டது. பிறகு நடந்தவை அந்தப் பதிலை என்னிடமே திருப்பி அனுப்பிவிட்டன. ஒரு விருந்துக்குப் போவதா வேண்டாமா என்பது எப்படித் தார்மீகப் பிரச்னை ஆகிறது என்று யோசிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

1

அந்த ஏற்பாடு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு முடித்தவர், துறையைப் பொறுத்து 3 வருஷத்திலிருந்து 7 வருஷம் வரை, ஏதாவதொரு ஆஸ்பத்திரியில் சம்பளத்தோடு பயிற்சி பெற வேண்டும். அது இல்லாமல் பொதுவாக உரிமம் கிடையாது. வேறு நாட்டில் படித்துவிட்டுப் போகிறவருக்கும் இதுதான் வாசல். 1889இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி திறக்கப்பட்ட பிறகு அங்கே வில்லியம் ஆஸ்லரும் வில்லியம் ஹால்ஸ்டெடும் வளர்த்தெடுத்த முறை இது. பயில்கிற டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தார். ஆகவே ரெஸிடென்ட், குடியிருப்பவர். இன்று யாரும் அப்படிக் குடியிருப்பதில்லை. ஆனால் அவர்களுடைய வேலை நேரத்தைக் கேட்டால் பெயரை மாற்றத் தேவையில்லை என்றே தோன்றுகிறது.

இலையுதிர் காலத்தில் நேர்முகங்கள் தொடங்கி ஜனவரி வரை நடக்கும். 2020க்கு முன்பு விண்ணப்பதாரர் ஊர் ஊராக, பெரும்பாலும் தன் செலவில், போய்வர வேண்டும். முந்தின இரவு ஊரில் ஒரு ரெஸ்டாரண்டில் சாப்பாடு. அந்தச் செலவு ஆஸ்பத்திரியுடையது. ஐந்தாறு விண்ணப்பதாரர்கள், மூன்று நான்கு ரெஸிடென்ட்கள். வேலை எப்படி, ஊர் எப்படி, வாடகை என்ன, விடுமுறையில் என்ன செய்வீர்கள் என்று பேச்சு. பெரியவர்கள் இல்லாததால் மனம்விட்டுப் பேசலாம் என்பது இதன் நியாயம். நியாயத்தில் உண்மையும் இருக்கிறது. ஒரு இடத்தில் வேலை செய்ய முடியுமா என்பதை அங்கே வேலை செய்கிறவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதைவிட நன்றாகக் கண்டுபிடிக்க வழியில்லை.

ஆனால் மறுநாளோ அடுத்த வாரமோ அதே ரெஸிடென்டிடம், "நேற்று வந்தவர்களில் யார் எப்படி?" என்று யாராவது கேட்பார்கள். சில இடங்களில் கேட்பதே வழக்கம். சில இடங்களில் யாரும் கேட்காமலே சொல்லப்படும். ஒருவன் அதிகமாகக் குடித்தான், பரிமாறுகிற பெண்ணிடம் சிடுசிடுத்தான் என்றால் அது நிச்சயம் போய்ச் சேரும். நன்றாகப் பேசினான் என்பது போய்ச் சேருவது அவ்வளவு நிச்சயமில்லை. இந்தத் தேர்வில் ஜெயிப்பது அபூர்வம், தோற்பது சுலபம். விண்ணப்பதாரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கூப்பிடுகிறவர்களும் சில வருஷங்களுக்கு முன் விண்ணப்பதாரர்களாக இருந்தவர்கள்தான், ஆகவே அவர்களுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை இல்லை என்று ஒரு கடிதம் சொல்கிறது.

இன்னொன்று. நேர்முக அறையில் கேட்கக்கூடாத கேள்விகள் உண்டு. வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறீர்கள், எங்களை எத்தனையாவதாக வைப்பீர்கள் என்று கேட்பதை விதி தடுக்கிறது. கல்யாணம், குழந்தை பற்றிய கேள்விகள் பாரபட்சத்துக்கு எதிரான சட்டத்தில் போய் இடிக்கும். சூப்பு வந்ததும் அதே கேள்விகள் நட்பாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. "கல்யாணம் ஆயிற்றா? அவருக்கு இந்த ஊரில் வேலை கிடைக்குமா?" கேட்பவனிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல் இருக்கலாம், பக்கத்தில் உட்கார்ந்த மனிதனிடம் வேறு என்னத்தைக் கேட்பது? அதிகாரியின் வாயில் குற்றமாக இருப்பது சமவயதுக்காரனின் வாயில் அன்பாக ஆகிவிடுகிறது. பதில் மட்டும் ஒரே இடத்துக்குப் போகிறது.

2

இதெல்லாம் எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும். 1952லிருந்து அமெரிக்காவில் ரெஸிடென்ட்களைத் தேர்வது ஒரு தேசியப் பொருத்தம் பார்க்கும் ஏற்பாட்டின் மூலம் நடக்கிறது. விண்ணப்பதாரர் தனக்குப் பிடித்த இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்கிறார். ஆஸ்பத்திரி தனக்குப் பிடித்த ஆட்களை வரிசைப்படுத்துகிறது. இரண்டு பட்டியல்களையும் ஒரு கணக்கு பொருத்துகிறது. ஜாதகப் பொருத்தம் என்று நாம் சிரிக்கலாம். ஆனால் 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரண்டு கணித அறிஞர்கள் இதே அடிப்படையில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே கல்லூரிச் சேர்க்கையோடு கல்யாணமும் இருந்தது. ஆல்வின் ராத் திருத்தியமைத்த கணக்கு 1998லிருந்து நடைமுறையில் இருக்கிறது. ராத்தும் ஷேப்லியும் 2012இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மார்ச் மாதத்தில் வரும் முடிவு இரண்டு தரப்பையும் கட்டுப்படுத்தும். இந்த ஏற்பாடு சம்பளத்தை அமுக்கிவைக்கிறது என்று 2002இல் சில டாக்டர்கள் வழக்குப் போட்டார்கள். 2004இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமே இயற்றி இந்த ஏற்பாட்டைக் காப்பாற்றிவிட்டது. ஆக, இதற்கு வெளியே நின்று பேரம் பேச அநேகமாக இடமில்லை.

இந்தக் கணக்கில் ஒரு அழகு உண்டு. விண்ணப்பதாரர் தன் உண்மையான விருப்பத்தை அப்படியே எழுதுவதுதான் அவருக்கு லாபம். தந்திரமாக வரிசையை மாற்றி ஒன்றும் சம்பாதிக்க முடியாது. உண்மை பேசுபவன் நஷ்டப்படாத ஒரு இடத்தை மனிதர்கள் கணிதத்தைக் கொண்டு கட்டியிருக்கிறார்கள். நீதி நூல்கள் காலம்காலமாகக் கேட்டுவந்ததை ஒரு சூத்திரம் சாதித்துவிட்டது. ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வழி விருந்து மேசையைச் சுற்றிக்கொண்டு போகிறது. மேசையில் உண்மை அவ்வளவு லாபமானதல்ல. கணக்கு ஆட்களைப் பட்டியலாகத்தான் பார்க்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு பெயர் மேலே போனதும் கீழே இறங்கியதும் எந்த வார்த்தையால் என்பது கணக்குக்குத் தெரியாது, விண்ணப்பதாரருக்கும் ஒருபோதும் தெரியவராது.

சமீப வருஷங்களில் மேசையின் கனம் கூடியிருக்கிறது. வரிசைப்படுத்த வசதியாக இருந்த முதல் கட்ட உரிமத் தேர்வில், 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும். எண் சர்வாதிகாரியாகிவிட்டது என்று எடுத்தார்கள், எடுத்தது நியாயம்தான். ஆனால் எண் போன இடத்தில் வெற்றிடம் இருக்காது. "நம்மோடு ஒத்துப்போவாரா" என்ற கேள்வி வந்து உட்காரும். ஒத்துப்போவது என்பதற்கு அளவுகோல் அளக்கிறவனேதான். மது தொடாதவர், மாமிசம் சாப்பிடாதவர், ஆங்கிலத்தில் சிரிப்பு ஒரு விநாடி தாமதமாக வருகிறவர், கூட்டத்தில் வாய் திறக்கத் தெரியாமல் நோயாளியின் அருகில் மட்டும் நன்றாகப் பேசத் தெரிந்தவர், இவர்களெல்லாம் எண் இருந்தவரை எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடிந்தது.

3

வள்ளுவர் விருந்தோம்பலை ஒன்பதாம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். ஒருவனைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதைத் தெரிந்துதெளிதல் என்று ஐம்பத்தோராம் அதிகாரமாக அரசியலில் வைத்தார். நடுவில் நாற்பத்தோரு அதிகாரங்கள் இருக்கின்றன. வீட்டுக்காரனாக இருக்கையில் வந்தவன் யார் என்று பார்க்காதே. அரசனாக இருக்கையில் பார்க்காமல் சேர்க்காதே. இரண்டும் அறம்தான், ஆனால் ஒரே சமயத்தில் ஒரே மேசையில் செய்யவேண்டிய அறங்கள் என்று யாரும் சொல்லவில்லை. முந்தின இரவு விருந்து இந்த இரண்டு அதிகாரங்களையும் ஒரே தட்டில் பரிமாறுகிறது.

ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் ஸிம்மல் 1910இல் சாப்பாட்டைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நான் நினைப்பதை மற்றவனுக்குச் சொல்லலாம், நான் பார்ப்பதை அவனும் பார்க்கலாம்; நான் சாப்பிட்டதை மட்டும் இன்னொருவன் சாப்பிட முடியாது. அவ்வளவு சுயநலமான காரியத்தை மனிதர்கள் கூடியிருப்பதற்கான காரணமாக மாற்றிக்கொண்டது பெரிய விஷயம் என்பது அவர் சொல்வதன் சாரம். அதே காலத்தில் வெறும் கூடிப்பேசுதலைப் பற்றியும் எழுதினார். தனக்கு வெளியே நோக்கம் எதுவும் இல்லாதவரைதான் அது அதுவாக இருக்கும். நோக்கம் உள்ளே வந்ததும் பேச்சின் மேல்தோல் அப்படியே இருக்கும், உள்ளே வேறொன்று ஓடும்.

நோக்கம் வரக்கூடாதா? வரலாம். ஆஸ்பத்திரிக்கு ஆளைப் பார்க்க உரிமை இருக்கிறது. மூன்று வருஷம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவனை நம்பி நோயாளியை விட்டுவிட்டுப் போகவேண்டியவர்கள், அவன் தேர்வு எழுதியதை மட்டும் பார்த்தால் போதாது. பரிசோதனையை நான் எதிர்க்கவில்லை. என் எதிர்ப்பு, இது பரிசோதனை இல்லை என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு.

ரகசியச் சோதனைக்குப் பழைய சாஸ்திரமே இருக்கிறது. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்று நான்கு வழிகளில் ஒருவனைச் சோதிப்பதைக் குறளும் சொல்கிறது, அர்த்தசாஸ்திரமும் சொல்கிறது. அர்த்தசாஸ்திரம் இன்னும் விவரமாக. பணிநீக்கப்பட்ட சேனாதிபதி மந்திரியிடம் வந்து ஆசை காட்டுவான். சந்நியாசினி வந்து, அரசி உன்மேல் பிரியமாக இருக்கிறாள் என்பாள். எல்லாம் நாடகம். ஆனால் இதையெல்லாம் வகுத்த அதே இடத்தில் ஒரு தயக்கமும் பதிவாகியிருக்கிறது. சோதனையே சோதிக்கப்படுபவனைக் கெடுத்துவிடலாம், அப்படிக் கெட்ட மனதுக்கு மருந்து கிடைக்காமல் போகலாம் என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். தந்திரத்துக்குப் பேர்போன அந்த நூலுக்கு வந்த தயக்கம், நம் காலத்து அழைப்புக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு வருவதில்லை. அவர்கள் நல்லவர்களாக இருப்பதால்தான் வருவதில்லை. தாங்கள் சோதிப்பதாக அவர்களே நம்பவில்லை.

4

கெட்டுப்போவது என்றால் என்ன? வேஷம் போட நேர்வது என்று சட்டென்று சொல்லத் தோன்றும். எங்கள் தலைமுறை விமர்சகர்கள் எல்லோரும் மூத்தவர்களிடமிருந்து வாங்கிக்கொண்ட சொல் அது. போலி, பாவனை, வேஷம். 1943இல் வந்த புத்தகத்தில் ஸார்த்தர் காட்டும் அந்தக் காபிக்கடைப் பரிசாரகனை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொஞ்சம் அதிக வேகமாக நடக்கிறான், கொஞ்சம் அதிக அக்கறையோடு குனிகிறான், பரிசாரகனாக இருப்பதை நடித்துக்கொண்டிருக்கிறான். விருந்துக்கு வந்த விண்ணப்பதாரரையும் அந்த வரிசையில் நிறுத்திவிடலாம்.

எனக்கு இது போதவில்லை. டாக்டரின் தொழிலில் பாவனை பாதி. காலையிலிருந்து முப்பதாவது நோயாளியைப் பார்க்கும்போது மனசுக்குள் பரிவு ஊறிக்கொண்டிருக்காது. ஆனாலும் குரல் இறங்கி வரவேண்டும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டும். 2004லிருந்து 2020வரை அமெரிக்க உரிமத்துக்கு இதற்கென்றே ஒரு தேர்வு இருந்தது. நோயாளிகளாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்கள் பன்னிரண்டு பேரை விண்ணப்பதாரர் ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். நோயைக் கேட்டறிவதோடு பேச்சும் நடத்தையும் மதிப்பிடப்படும். நாடு முழுவதற்கும் ஐந்தே ஊர்களில் நடந்தது. தொற்றுநோயின்போது நிறுத்தி, 2021 ஜனவரியில் அடியோடு கைவிட்டார்கள். அதைக் கேலி செய்தவர்கள் அதிகம். நடிகனின் வயிற்றுவலிக்கு அனுதாபப்பட்டு மார்க் வாங்குவதா என்று. ஆனால் அந்தத் தேர்வு இந்த விருந்தைவிட நேர்மையானது என்று இப்போது நினைக்கிறேன். கதவைத் தட்டும்போதே இருவருக்கும் தெரியும், ஒருவர் நோயாளி அல்ல, மற்றவர் தேர்வு எழுதுகிறார். இரண்டு பேரும் நடித்தார்கள், யாரும் ஏமாறவில்லை.

அரிஸ்டாட்டில் ஒழுக்கவியலில் பழகும் விதத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு பேரைப் பிரிக்கிறார். ஒருவன் எல்லோருக்கும் இனிமையாக இருக்கப் பார்ப்பான், எதையும் எதிர்பார்த்தல்ல. இன்னொருவன் ஆதாயத்துக்காக இனிமையாக இருப்பான். முதலாமவன் குழைபவன், இரண்டாமவன் முகஸ்துதிக்காரன். வெளியே இருவருடைய சிரிப்பும் ஒன்றுதான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது, அது அவனவனுக்குத் தெரியும் என்று அரிஸ்டாட்டில் நிம்மதியாக இருந்துவிட்டார். நான் கேட்பது இதுதான்: அது அவனுக்கே தெரியாமல் போய்விட்டால்?

எங்கள் பத்திரிகைகளைப் படிக்கிறவர்களுக்கு இது அந்நியமான கேள்வி இல்லை. புத்தக வெளியீடு முடிந்து கவிஞன் காபி வாங்கிக் கொடுக்கிறான், குழந்தையின் படிப்பைப் பற்றி விசாரிக்கிறான். அடுத்த இதழில் அவன் தொகுப்புக்கு மதிப்புரை எழுதப்போகிறவன் நான் என்பது இருவருக்கும் தெரியும், இருவரும் பேசுவதில்லை. அவன் விசாரித்தது விசாரிப்பா? அவனைக் கேட்டால் சத்தியம் செய்வான். சத்தியம் உண்மையாகவும் இருக்கலாம். அவனால் அதைச் சரிபார்க்க முடியாது என்பதுதான் அவனுக்கு நேர்ந்தது.

5

2020இல் தொற்று வந்தபோது நேர்முகங்கள் எல்லாம் கணினித் திரைக்குப் போயின. பெரும்பாலானவை திரும்பி வரவில்லை. பயணச் செலவு மிச்சம். ஏழை விண்ணப்பதாரருக்கும் வெளிநாட்டு விண்ணப்பதாரருக்கும் அது சின்ன விஷயமல்ல. விருந்தும் திரைக்குப் போனது. அதாவது சாப்பாடு போய்விட்டது. ஸிம்மல் சொன்ன அந்தப் பெரிய விஷயம் போய், முகங்களும் பேச்சும் நின்றன. விருந்திலிருந்து விருந்தைக் கழித்தால் மிச்சம் என்ன என்பதை வரலாறு செய்து காட்டிவிட்டது. மிச்சம் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுதான்.

நியூயார்க்கில் மாலை ஏழு மணி என்றால் நவம்பர் கடைசியில் நமக்கு விடியற்காலை ஐந்தரை. அக்கா நாலரைக்கே எழுந்து காபி போட்டிருக்கிறாள். சத்தம் வரக்கூடாது என்று குக்கர் வைக்கவில்லை. பெண் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, பின்னால் வெள்ளைச் சுவர் தெரியும்படி பீரோவை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். திரையில் ஆறு விண்ணப்பதாரர்கள், மூன்று ரெஸிடென்ட்கள். ஊரில் பனி எவ்வளவு, எங்கே நடக்கப் போகலாம், ஆஸ்பத்திரிக்கு வெளியே உங்களுக்கு என்ன பிடிக்கும். இவள் வாசிப்பு என்றாள். அது பொய்யில்லை, ஆனால் படிப்பு முடிந்ததிலிருந்து ஒரு நாவலும் முடிக்கவில்லை. மூன்று ரெஸிடென்ட்களில் ஒருவன் பேசவே இல்லையாம். வேலைச் சீருடையோடே இருந்தான், கண் சிவந்திருந்தது. எல்லோரும் கேள்விகளை முடித்தபின் இவள் அவனைப் பார்த்து, "நீங்கள் கடைசியாக எப்போது தூங்கினீர்கள்?" என்று கேட்டிருக்கிறாள்.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு, நேற்று ராத்திரியிலிருந்து தூங்கவில்லை என்றான். காலையில் ஒரு நோயாளி இறந்துபோனார், அவர் மனைவியோடு இருந்துவிட்டு வந்தேன், வீட்டுக்குப் போயிருக்கலாம், இதற்கு ஆள் போதவில்லை என்றார்கள் என்றான். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. இன்னொரு ரெஸிடென்ட் அழகாகப் பேச்சை மாற்றி, வேறு கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள்.

ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது. "கேட்டிருக்கக் கூடாதோ மாமா?"

"கேட்டிருக்க வேண்டாம்" என்றேன். "சும்மா பேசத்தான் கூப்பிட்டாங்கன்னு நினைச்சுட்டியா?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள். "அது இல்ல மாமா. அந்த ஆளைப் பாத்துப் பாவமா இருந்துதான் கேட்டேன்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, கேட்டா நல்லா இருக்கும்னுதான் கேட்டேனோன்னு இருக்கு. எதுன்னு எனக்கே தெரியல."

அர்த்தசாஸ்திரம் எழுதியவரின் தயக்கம் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. சோதனை என்று சொல்லிவிட்டுச் சோதித்திருந்தால், இது தேர்வுக்காகக் காட்டிய பரிவு என்று அவள் ஒரு பக்கம் ஒதுக்கிவைத்திருப்பாள். சோதனை உண்மையிலேயே இல்லாமல் இருந்திருந்தால், அது அவளுடைய பரிவாகவே இருந்திருக்கும். இரண்டும் இல்லாத இடத்தில் உட்காரவைத்ததால், அவளுடைய இரக்கம் அவளுக்கே சந்தேகத்துக்கு உரியதாகிவிட்டது. மதிப்பெண் போனால் போகிறது, அடுத்த வருஷம் வாங்கலாம். இருபத்தாறு வயதில் ஒரு டாக்டர், தன் பரிவு எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் விடியற்காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அதில் என் பங்கும் இருக்கிறது. போயே ஆகணும்னு அர்த்தம் என்று சொல்லி அனுப்பினவன் நான்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் எனக்கு எங்கே கிடைத்தது என்பதும் சொல்லவேண்டும். சில வருஷங்களுக்கு முன் பதவி உயர்வு நேர்முகத்துக்குப் போனபோது, முந்தின நாள் சாயங்காலம் ஒரு அதிகாரி எங்களையெல்லாம் டீக்கடைக்குக் கூட்டிப்போனார். ஆபீஸ் பேச்சே வேண்டாம் என்றார். நான் கவிதை படிப்பதைப் பற்றிக் கொஞ்சம் உற்சாகமாகவே பேசிவிட்டேன். மறுநாள் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் கேள்வி: "கவிதையெல்லாம் படிப்பீங்களாமே, கணக்கு எப்பப் பாப்பீங்க?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குமாஸ்தாவாகவே இருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஆபீஸில் யாரிடமும் கவிதையைப் பற்றிப் பேசியதில்லை. அந்த டீ என்னிடமிருந்து பதவியைவிடப் பெரிய ஒன்றை எடுத்துக்கொண்டுபோனது, எடுத்துப்போனது தெரியாமலே. பிறகு அதையே அனுபவம் என்ற பெயரில் அக்கா மகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

6

அப்படியானால் போகாமல் இருப்பதா? ஒதுங்குவதைச் சுத்தம் என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. அது போதாது என்பதற்கு அந்தத் தூங்காத ரெஸிடென்டே சாட்சி.

1984இல் நியூயார்க்கில் லிபி ஜயான் என்ற 18 வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனாள். பார்த்துக்கொண்டவர்கள் நெடுநேரம் வேலை செய்துகொண்டிருந்த பயிற்சி டாக்டர்கள். அவள் தகப்பனார் விடாமல் போராடியதன் விளைவாக 1989இல் அந்த மாநிலத்தில் ரெஸிடென்டின் வேலைக்கு வாரம் 80 மணி என்று எல்லை வந்தது. 2003இல் நாடு முழுவதற்கும் வந்தது. 80 மணி என்பது எல்லை, அதுவும் நான்கு வாரச் சராசரி. காகிதத்தில் இருக்கும் அந்த எண் ஒரு குறிப்பிட்ட ஆஸ்பத்திரியில் என்னவாக இருக்கிறது என்று விண்ணப்பதாரருக்கு எந்தத் தகவல் புத்தகமும் சொல்லாது. ரெஸிடென்டின் கண் சொல்லும். விண்ணப்பதாரர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கிறது என்பதை அவர்களில் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கணக்கு அந்தப் பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறது. அன்றைக்குத் திரையில் இருந்த ஒன்பது பேரில், பார்க்கவேண்டியதைப் பார்த்து, கேட்கவேண்டியதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அவள் சந்தேகத்துக்கு என் பதில் இது, தாமதமாக. நோக்கத்தின் சுத்தம் நமக்குக் கிடைக்காத பொருள். வாழ்நாள் முழுவதும் அகழ்ந்தாலும் அடியில் ஆசை ஒன்று தட்டுப்படும். ஆனால் கேள்வி உன் நெஞ்சிலேயே நின்றுவிடவில்லை, அவனிடம் போய்ச் சேர்ந்தது. காலையில் ஒரு சாவைப் பார்த்தவனிடம் அன்று முழுவதும் யாரும் கேட்காததை யாரோ கேட்டார்கள். அவனுக்கு உன் காரணம் தேவைப்படவில்லை. முப்பதாவது நோயாளிக்கும் தேவைப்படாது. பரிவு யாருடையது என்று கேட்டால், கொடுத்தவனுடையது என்று பாதிதான் சொல்லலாம்.

கூப்பிடுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான். பார்க்கத்தான் கூப்பிடுகிறோம் என்று எழுதுங்கள். அல்லது பார்க்காதீர்கள், மறுநாள் ரெஸிடென்டிடம் யாரும் எதுவும் கேட்கக்கூடாது, சொன்னாலும் காதில் வாங்கக்கூடாது என்று விதி செய்யுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் வருகிறவன் தன் கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

அந்த ஆஸ்பத்திரியை அவள் தன் பட்டியலில் முதலில் வைத்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. மார்ச் மூன்றாம் வாரம் திங்கட்கிழமை, இடம் கிடைத்ததா இல்லையா என்று மட்டும் முதலில் சொல்வார்கள். எங்கும் கிடைக்கவில்லை. காரணம் சொல்லும் வழக்கம் கிடையாது. அந்தக் கேள்வியாலா, வேறு நூறு காரணங்களாலா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. இப்போது இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பார்க்கிறாள். இந்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்கப்போகிறாள்.

மறுபடியும் அழைப்பு வரும், அதே வாக்கியத்தோடு. போகணுமா மாமா என்று கேட்டால், நேரம் இருந்தால் போ, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா என்பேன். யாரையாவது பார்த்து ஏதாவது கேட்கத் தோன்றினால் கேள். ஏன் தோன்றியது என்று பிறகு யோசித்துக்கொள்ளலாம்.